புள்ளின் மொழி கற்ற பெருந்தகை சலீம் அலி

மனிதனை ஏனைய உயிர்களினின்றும் வேறுபடுத்திக் காட்டுவது மொழி. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்தி, மனத்தோடு கூடிய ஆறாம் அறிவை மக்களுக்கு உரியதாக்கினார். எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் முயற்சியால் எழுத்தொலிகளாகப் பிறக்கும் திறத்தை விளக்கினார். இவ்வுறுப்புகள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு, குரங்குக்கும் உண்டு. அங்ஙனமாயின் அவை நம்மைப் போல் பேசாமைக்குக் காரணம் யாது? பேசாத அவை தம்முள் எங்ஙனம் கருத்தறிவித்துக்கொள்கின்றன?

இவ்வினாக்கள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. பறவைகளின் மொழி அருளப்பெற்றவராக நபி சுலைமான் (அலை) அவர்களைத் திருக்குர்ஆன் நமக்கு அறிமுகப்படுத்துகின்றது. தன் கூட்டத்தாரை எச்சரித்த எறும்பும், ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்திப் பறவை கொணர்ந்த செய்தியும் நம் இல்லங்களில் சிறார்க்குச் சொல்லப்படும் வரலாறுகளாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த அல்ஜாஹிழ் என்னும் அரபுப் பேரறிஞர், விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலில் இப்பொருளை ஆராய்ந்தார். ஒவ்வோர் உயிரின் ஒலியும் அதன் இனத்துக்கு விளங்குவது என்றும், நமக்கு விளங்காமையாலேயே அவற்றை வாயில்லா உயிர்கள் என்கிறோம் என்றும் அவர் கருதினார். நபிமார்க்கு அருளால் வாய்த்த அறிவு வேறு. மனிதன் முயன்று அடையும் அறிவு வேறு. இரண்டாவது வழியில், பொறுமையையே கருவியாகக் கொண்டு, பறவைகளின் வாழ்வைக் கற்க ஓர் ஆயுளையே செலவிட்டவர் நம் நாட்டில் பிறந்த டாக்டர் சலீம் அலி அவர்கள்.

அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுதுவதற்குத் தனிப் பொருத்தமும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துக் கிளியனூர் பெயரிலேயே கிளியைத் தாங்கி நிற்கும் ஊர். அதன் கிழக்கே கழுவேலி என்னும் பெரும் நீர்நிலையும், அதனை அடுத்து மரக்காணத்து உப்பளங்களும் பரந்து கிடக்கின்றன. பனி தொடங்கும் பருவத்தில் நெடுந்தொலைவிலிருந்து வந்திறங்கும் பறவைகளை இப்பகுதி மாணவர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். காண்பது எளிது, கவனிப்பது அரிது. அவ்வருமையை நமக்குக் கற்பிப்பது சலீம் அலியின் வாழ்க்கை.

குருவி காட்டிய வழி

சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி என்பது அவரது முழுப்பெயர். 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், பம்பாயில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஓராண்டுக் குழந்தையாயிருந்தபோது தந்தையை இழந்தார். மூன்றாம் வயதில் தாயையும் இழந்தார். யதீமாகிவிட்ட குழந்தையைத் தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜியும் அவருடைய துணைவியார் ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தனர். தமக்கெனப் பிள்ளையில்லாத அவ்விருவரின் நிழலில் அவர் குறைவின்றி வளர்ந்தார்.

மாமனுக்கு வேட்டையில் விருப்பம் மிகுதி. சிறுவனுக்கும் விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அக்காலத்தில் குருவியைச் சுட்டு விளையாடுவதைக் குற்றமாக எவரும் எண்ணவில்லை. ஒருநாள் அவர் வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. வழக்கமாகக் காணும் ஊர்க்குருவிக்கு அத்தகைய அடையாளம் இல்லை. இது என்ன பறவை, உண்ணத்தக்கதுதானா என்னும் ஐயம் எழவே, மாமனிடம் கொண்டு சென்றார். மாமனாலும் இனங்காண இயலவில்லை. அவர் தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் சிறுவனை அனுப்பினார். மில்லார்டு அதனை மஞ்சள் கழுத்துக் குருவி என இனங்கண்டு கூறியதோடு நில்லாமல், கழகத்தில் பதப்படுத்தி அடுக்கி வைக்கப்பெற்றிருந்த பறவைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அன்று அச்சிறுவனின் உள்ளத்தில் விழுந்த வித்தே பிற்காலத்தில் பெருமரமாயிற்று. தம் தன்வரலாற்று நூலுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருளில் அவர் பெயரிட்டமைக்கு இந்நிகழ்ச்சியே காரணம். அந்நூல் 1985இல் வெளிவந்தது.

பட்டமில்லாப் பறவையியலார்

பள்ளிப் படிப்பில் அவர் முதன்மையானவர் அல்லர். தீராத தலைவலியால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. 1913இல் பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். பின்னர், குடும்பத்தார் நடத்திய உல்பிரம் சுரங்கத் தொழிலுக்குத் துணையாகப் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்றார். தொழிலைக் காட்டிலும் அங்கிருந்த காடுகளே அவரை ஈர்த்தன. 1917இல் பம்பாய் திரும்பி, வணிகக் கல்வியோடு தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918இல் தஹ்மீனா என்னும் நங்கையை மணந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலார் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்கவுரையாளராகச் சேர்ந்தார். கற்றது போதாது என்னும் உணர்வு உந்த, 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். ஆஸ்கர் ஹைன்ராத் போன்ற அறிஞர்களின் பழக்கமும் அங்கு வாய்த்தது. செத்த பறவையின் தோலையும் இறகையும் அளந்து பெயரிடுவதே பறவையியல் என்றிருந்த காலம் அது. உயிருள்ள பறவையின் அசைவும் குரலும் பொருளுடையவை, அவையும் ஆராயத்தக்கவை என்னும் புதிய நெறிக்கு வித்திட்டவர்களுள் ஹைன்ராத் ஒருவர்.

1930இல் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவரது பணியிடம் நீக்கப்பட்டிருந்தது. வேலையுமில்லை, வருவாயுமில்லை. நகரில் குடியிருக்க இயலாத நிலையில், தஹ்மீனாவின் குடும்பத்துக்குரிய சிறு வீடொன்று இருந்த கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் கணவனும் மனைவியும் குடிபெயர்ந்தனர். இழப்பெனத் தோன்றிய அதுவே அவருடைய பெருங்கண்டுபிடிப்புக்கு வாயிலாயிற்று.

தூக்கணாங்குருவியின் பேச்சு

கிஹிமில் அவர் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. நம் பகுதிப் பனைமரங்களில் தொங்கும் அதே கூடுகளே அவை. மழைக்காலம் முழுவதும் மறைவிடம் அமைத்து, அதனுள் மணிக்கணக்கில் அசையாது அமர்ந்து அவர் அவற்றை நோக்கினார். அவர் கண்டவை அதுகாறும் எழுதப்பெற்றவற்றினின்றும் வேறாக இருந்தன.

ஆண்குருவி புல்லிழைகளைக் கிழித்துக் கொணர்ந்து கூட்டைப் பாதியளவே கட்டி நிறுத்துகின்றது. அந்நிலையில் அக்கூடு கவிழ்த்த தலைக்கவசம் போலத் தோன்றும். பெண்குருவிகள் வந்தவுடன் ஆண்கள் அனைத்தும் தத்தம் கூடுகளில் தொங்கிச் சிறகடித்து ஒருசேரக் குரலெழுப்புகின்றன. பெண்குருவி ஒவ்வொரு கூடாக நுழைந்து சோதிக்கின்றது. பிடிக்கவில்லையெனில் விட்டு நீங்குகின்றது. ஒரு கூட்டை ஏற்றுக்கொண்டுவிட்டால் மட்டுமே ஆண்குருவி அதன் எஞ்சிய பகுதியையும் நீண்ட நுழைவாயிலையும் கட்டி முடிக்கின்றது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டுக்கு அடித்தளம் இடுகின்றது. வேறொரு பெண்ணை அழைக்கின்றது. ஒரு பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகளைக் கொள்ளும் இவ்வொழுகலாற்றை முதன்முதலில் தெளிவுற விளக்கியவர் சலீம் அலியே. 1931இல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான இக்கட்டுரை அவரைப் பறவையியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

இந்நிகழ்ச்சியில் நாம் மேலே எழுப்பிய வினாவுக்கு விடையின் ஒரு பாதி உள்ளது. ஆண்குருவி தன் தகுதியைச் சொற்களால் கூறவில்லை. குரலால் அழைத்து, சிறகசைவால் கவர்ந்து, கூட்டின் உறுதியால் மெய்ப்பிக்கின்றது. பெண்குருவி மறுமொழியைக் கூட்டுக்குள் புகுவதாலோ விட்டுப் பறப்பதாலோ தெரிவிக்கின்றது. அழைப்பும் சோதனையும் ஒப்புதலும் மறுப்பும் ஒரு சொல்லும் இன்றி நிறைவேறுகின்றன.

விலங்குகள் பேசாமைக்குக் காரணம்

விடையின் மறுபாதியை, சலீம் அலியின் காலத்திலும் அவருக்குப் பின்னும் நிகழ்ந்த ஆய்வுகள் தந்தன. அமெரிக்காவில் 1940களின் இறுதியில் மனிதக் குழந்தைபோல் வளர்க்கப்பெற்ற சிம்பன்சிக் குரங்கு ஒன்று, பெரும் பயிற்சிக்குப் பின்னரும் நான்கு சொற்களையே திக்கித் திணறி ஒலித்தது. 1966இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில் வாஷோ என்னும் சிம்பன்சிக்குக் கைச்சைகைகளைக் கற்பித்தபோது, அது நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றது. நாவால் இயலாதது கையால் இயன்றது. எனவே தொண்டையின் அமைப்பே தடை என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் 2016இல் குரங்குகளின் மிடற்றையும் வாயையும் ஊடுகதிர்ப் படங்களால் ஆராய்ந்தோர், அவ்வுறுப்புகளைக் கொண்டே பேச்சொலிகள் பலவற்றை உண்டாக்க இயலும் என்று காட்டினர். குறை உறுப்பில் அன்று. அவ்வுறுப்பை நுட்பமாக இயக்கும் மூளைத் தொடர்பில் உள்ளது. கேட்ட ஒலியைப் போலச் செய்து கற்கும் ஆற்றல் பெரும்பாலான விலங்குகளுக்கு இல்லை. மனிதர்களையன்றித் திமிங்கிலம், ஓங்கில், வௌவால், யானை, கடல்நாய் போன்ற சில பாலூட்டிகளும், பறவைகளுள் கிளி, தேன்சிட்டையொத்த ஓசனிச்சிட்டு, பாடும் பறவைகள் ஆகியனவும் மட்டுமே அவ்வாற்றலை வெவ்வேறு அளவில் பெற்றுள்ளன.

கிளி பேசுவது இதனாலேயே. பறவைகளுக்கு ஒலியெழும் இடம் நம்மைப் போல் மேல்மிடறு அன்று; மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியே அது. இதழும் பல்லும் இல்லாத கிளி, தடித்த நாவை அசைத்து நம் ஒலியைப் போலச் செய்கின்றது. 1977 முதல் 2007 வரை ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அம்மையார் ஆராய்ந்த அலெக்ஸ் என்னும் சாம்பற்கிளி, ஏறத்தாழ நூறு சொற்களைக் கற்று நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சுட்டிக் கூறியது. சிறிய எண்ணிக்கைகளையும் சொன்னது. ஆயினும் நேற்றையும் நாளையையும், உள்ளதையும் இல்லதையும் சொற்றொடராக்கும் இலக்கணம் அதற்கு வசப்படவில்லை. ஒலி மட்டும் மொழியாகாது. சொல்லோடு சொல் புணர்ந்து புதுப்பொருள் பிறப்பிக்கும் ஆற்றலே மொழி.

அவ்வாற்றலின் சிறு கூறுகள் பிற உயிர்களிடமும் உள என்பதும் இன்று தெளிவாகிவிட்டது. தேனீ தன் கூட்டில் ஆடும் ஆட்டத்தின் கோணத்தால் திசையையும், ஆடும் நேரத்தால் தொலைவையும் அறிவிக்கின்றது. இதனைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரலும் கழுகுக்கு ஒரு குரலும் பாம்புக்கு ஒரு குரலும் எழுப்புகின்றன. நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் யானைகள் தொலைவிலுள்ள தம் சுற்றத்தோடு தொடர்பு கொள்கின்றன. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் வாழும் துடுப்புவால் கரிச்சான், இடர் நேருங்கால் பிற பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களையும் எடுத்தொலிக்கின்றது. நம் வயல்வெளியில் மனிதர் நடமாட்டத்தைக் கூவி அறிவிக்கும் பறவைக்கு ஆட்காட்டி எனப் பெயரிட்ட நம் முன்னோர், இவ்வுண்மையை ஒரு சொல்லில் பொதிந்து வைத்துள்ளனர். ஒவ்வோர் உயிரும் தன் வாழ்வுக்கு வேண்டிய செய்தியை, தன் உடலுக்கு இயைந்த வழியில் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றது.

உப்புநிலத்துப் பூநாரைகள்

கிஹிம் ஆய்வுக்குப் பின் சலீம் அலியின் வாழ்வு பயணங்களாலானது. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளை அவர் கணக்கெடுத்தார். நீலகிரியின் கோத்தகிரியிலும் சில மாதங்கள் தங்கினார். கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் கழிந்த இப்பயணங்களில் தஹ்மீனா உடன் சென்றார். 1939இல் சிறு அறுவை ஒன்றின் பின்விளைவால் அவ்வம்மையார் காலமானார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி கம்முவின் இல்லத்தில் தங்கி, எஞ்சிய நாற்பத்தெட்டு ஆண்டுகளையும் பறவைகளுக்கே அளித்தார்.

1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல், அத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. ஒவ்வொரு பறவையின் நிறம், அளவு, உணவு, கூடு ஆகியவற்றோடு அதன் குரலையும் எழுத்தில் வடித்துத் தந்தமை அந்நூலின் சிறப்பு. டேராடூன் சிறையிலிருந்த நேரு அவர்கள் அந்நூலைத் தம் மகளார் இந்திராவுக்கு அனுப்பினார்; பறவைகளின்பால் இந்திரா அம்மையாருக்கு ஆர்வம் பிறந்தது அதனாலேயே. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு இணைந்து அவர் உருவாக்கிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

1945இல் கட்ச் பகுதியின் பெரும் உப்புவெளியில் பூநாரைகள் கூடி இனம்பெருக்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்த பறவைகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் என மதிப்பிட்டார். நம் மரக்காணத்து உப்பளங்களிலும் தென்படும் அப்பறவைகள், கழுத்தை நிமிர்த்தித் தலையை இருபுறமும் அசைத்தும், சிறகை விரித்து அதன் செந்நிறத்தைக் காட்டியும் கூட்டமாகச் செய்தி பரிமாறுகின்றன. ஆயிரக்கணக்கான குஞ்சுகளின் இரைச்சலிடையே தம் குஞ்சைக் குரலால் இனங்கண்டு ஊட்டுகின்றன.

தமிழகக் கடற்கரைக்கும் அவர் பணி நீண்டது. 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு கழகம் தொடங்கிய பறவை வலசை ஆய்வில் கோடிக்கரை முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. பறவையைப் பிடித்து, எண் பொறித்த சிறு வளையத்தை அதன் காலில் இட்டுப் பறக்கவிடுவது இவ்வாய்வின் முறை. தான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்ல இயலாத பறவை, அவ்வளையத்தால் தன் பயணத்தை நமக்குச் சொல்லத் தொடங்கிற்று. குளிர்காலக் கடற்கரைப் பறவைகளின் புகலிடமாகக் கோடிக்கரையின் அருமையை 1963இல் அவர் ஆய்விதழில் எடுத்துரைத்தார். 1967இல் அது வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது.

பரத்பூர் தரும் பாடம்

பெரியோரின் வரலாற்றை எழுதுங்கால் நிறைகளை மட்டும் அடுக்குவது முறையன்று. இராஜஸ்தானத்தின் பரத்பூரில் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்த நீர்நிலையைப் பறவைகளுக்கு மீட்டளித்ததில் சலீம் அலிக்குப் பெரும்பங்கு உண்டு. கால்நடைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என அவரும் அவரைச் சார்ந்தோரும் கருதினர். 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறைகளாக அங்கு எருமைகளை மேய்த்து வந்த ஊரார் எதிர்த்தனர்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதன் பின்னர் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. மேய்ப்பாரின்றிப் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. பல பறவைகளுக்கு இடமும் இரையும் குறைந்தன. இதனைப் பத்தாண்டு ஆய்வால் மெய்ப்பித்தது வேறு எவருமல்லர், சலீம் அலி வளர்த்த அதே கழகத்தின் ஆய்வாளர்களே.

பறவையின் குரலுக்குச் செவிசாய்த்த சான்றோரும், அந்நிலத்து எருமையின் பங்கையும் ஆயர்களின் பட்டறிவையும் கேளாது விட்டால் விளைவு எத்தகையது என்பதற்கு இதுவே சான்று. ஆசானின் முடிவையும் ஆய்வுக்கு உட்படுத்தும் துணிவை மாணாக்கர்க்கு அளித்ததும் அவர் கட்டி வளர்த்த அந்நெறியே என்பதையும் நாம் மறத்தலாகாது.

புகழும் மறைவும்

பட்டம் இல்லாமையால் ஒருகால் பதவி மறுக்கப்பெற்றவரை, பின்னாளில் பட்டங்கள் தேடி வந்தன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. அதே ஆண்டில் பத்மபூஷண் விருதும், 1976இல் பத்மவிபூஷண் விருதும் பெற்றார். 1976இல் கிடைத்த பால் கெட்டிப் பரிசின் பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக அளித்துவிட்டார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் கோவை ஆனைகட்டியில் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பெற்றது. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிக்கப்பெற்ற அரிய பழந்தின்னி வௌவால் ஒன்று, 1972இல் புதிய இனமெனக் கண்டறியப்பெற்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நாம் செய்யத்தக்கது

கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு இதனுள் அடங்கும். ஆக்கிரமிப்பாலும் இறால் பண்ணைகளாலும் கள்ள வேட்டையாலும் நலிந்துவந்த நீர்நிலைக்கு இஃது ஒரு நற்செய்தி. எனினும் அரசாணை ஒன்றே ஏரியைக் காக்காது. ஒரு பருவத்தில் வரும் பறவை அடுத்த பருவத்தில் வாராதொழிந்தால், அதுவும் ஒரு செய்தியே. நீர் கெட்டது, இரை அற்றது, அமைதி குலைந்தது என அப்பறவை வாராமையால் அறிவிக்கின்றது. அச்செய்தியைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும். உப்பளத் தொழிலாளரும் மீனவரும் உழவரும் நெடுங்காலமாகப் படித்து வரும் அவ்வறிவைக் குறித்து வைக்கும் கடமை கற்ற இளைஞர்க்கு உண்டு.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும், அசையாது அமரும் பொறுமையும், இப்பறவை என்ன சொல்கின்றது என்னும் வினாவும் போதும். பறவைகளின் ஊர்ப்பெயர்களையும், அவற்றின் குரலுக்கு நம் மக்கள் கற்பித்த பொருளையும் தொகுத்தல் தமிழ் மாணவர்க்கே உரிய பணியாகும். விலங்குகள் நம் மொழியைப் பேசவில்லை என்பது அவற்றின் குறையன்று. அவற்றின் மொழியை நாம் இன்னும் கற்றிலோம் என்பதே உண்மை. பணியிழந்து, வருவாயிழந்து ஒதுங்கிய கடற்கரைச் சிற்றூரில் ஒரு குருவிக்கூட்டை நோக்கியிருந்து உலகறிந்த பேரறிஞரானார் சலீம் அலி. அத்தகைய கடற்கரையும் கூடுகளும் நமக்கும் வாய்த்துள்ளன. நோக்கும் கண்களையும் கேட்கும் செவிகளையும் இறைவன் நம் மாணவச் செல்வங்களுக்கும் அருளியுள்ளான். அவற்றைப் பயன்கொள்ளுதல் நம் கடன்.